'டிரெய்ன் டு பூசான்' அவ்வளவு பெரிய படமா?

"அண்ணே, முகாமில் என்கூட இருந்தவர்கள் அத்தனை பேரும் அழுதோம் என்று சொன்னார்கள். அதனால் 'டிரெய்ன் டு பூசான்' என்கிற கொரிய ஜாம்பி படத்தைத் தேடிப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் விறுவிறுவென்று போனது. கடைசியில் அப்பா சாகும் காட்சியில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மணி என்ன ஆயிற்று என்று பார்த்தேன். எனக்குத்தான் ரசனை இல்லையா, இல்லை படம் ஓவர்ரேட்டட்டா?"

தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கும் ஒரு தம்பி, சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் டீ குடிக்கும்போது கேட்ட கேள்வி இது. நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு பிரியாணிப் பக்கம் போய்விட்டது. சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவன் நான். ஜாம்பி படங்கள், அதாவது பிணங்கள் எழுந்து வந்து கடிக்க, கடிபட்டவரும் அப்படியே மாறிவிடும் படங்கள், என் சொந்தப் பைத்தியம். இந்தக் கேள்வியை அப்படியே விட மனம் வரவில்லை. படம் பார்க்காதவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

தம்பி, உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. படமும் மோசமில்லை. அந்தப் படத்தை ஊரே எதற்காகத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதோ, அது உங்களுக்கும் எனக்கும் பழகிப்போன சமாச்சாரம். அதில் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமாகச் செய்த ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுகையை எதிர்பார்த்து உட்கார்ந்தீர்கள், அழுகை வரவில்லை, ஏமாந்துவிட்டீர்கள்.

புகழ் எப்படி வந்தது என்று பார்ப்போம். 2016 மே மாதம் கான் திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சியில் முதன்முதலில் திரையிட்டார்கள். ஜூலையில் கொரியாவில் வெளியானது. அங்கே மட்டும் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. அந்த நாட்டின் மக்கள்தொகையே 5 கோடி சொச்சம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் சக்கைப்போடு போட்டது. நான் தியேட்டரில்தான் பார்த்தேன். திரைக்குக் கீழே ஆங்கிலம், சீனம் என்று இரண்டு வரி சப்டைட்டில். சீன எழுத்து சுருக்கமானது. அதைப் படிக்கிறவர்கள் அரை நொடி முன்னாலேயே சிரித்துவிடுவார்கள், ஆங்கிலம் படிக்கும் நாங்கள் பின்னாலேயே வருவோம். தொழில் புத்தி, இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் உங்களைப் போலத்தான், கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்கள் ஏன் அப்படி உருகினார்கள் என்பதற்கு ஜாம்பியின் பூர்வீகம் கொஞ்சம் தெரிய வேண்டும். அது கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தி நாட்டின் சரக்கு. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் பயம்: செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்கிற பயம். அந்த ஜாம்பி மனிதக் கறி தின்னாது, பாவம். சினிமாவில் அதற்கு அந்தப் பசியைக் கொடுத்தவர் ஜார்ஜ் ரொமேரோ. 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' அவர் படம். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு, உள்ளே ஏழு பேர், வெளியே எழுந்து நடமாடும் பிணங்கள். படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது. (நம் பேய்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். கலிங்கத்துப்பரணியில் அவை போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி, பந்தி வைத்துப் பரிமாறும். ஜாம்பிக்குச் சமைக்கத் தெரியாது, பேசத் தெரியாது, பெற்ற தாயையும் தெரியாது.)

அந்த 1968 படத்தில் ஈரம் என்பது மருந்துக்கும் கிடையாது. பென் என்கிற கறுப்பின இளைஞன்தான் நாயகன். ராத்திரி முழுக்கப் போராடி அவன் ஒருவன் மட்டும் தப்பிக்கிறான். விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக் கூட்டம் அவனையும் பிணம் என்று நினைத்து நெற்றியில் சுட்டுவிடுகிறது. கொக்கி மாட்டி இழுத்துப் போய் எரிக்கிறார்கள். படம் முடிந்தது. அழக்கூட அவகாசம் தரமாட்டார் ரொமேரோ. அடுத்த முப்பது நாற்பது வருடம் இந்த வகைப் படங்களுக்கு அந்தக் குளிர்ச்சிதான் உப்பு. 2002-இல் '28 டேஸ் லேட்டர்' வந்தபோது, கடிபட்டவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். வேகம் கூடியது, பேச நேரம் குறைந்தது. 2013-இல் 'வேர்ல்டு வார் இசட்' படத்தில் எறும்புப் புற்று மாதிரி ஒருவர்மேல் ஒருவர் ஏறி மதிலையே தாண்டினார்கள். அதற்குள் யார் செத்தால் என்ன என்கிற அளவுக்கு ரசிகர்களுக்கு மரத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் இந்தக் கொரியப் படம் வருகிறது. ஓடும் ரயிலுக்குள் ஜாம்பி நோய் புகுந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள்: வேலை வேலை என்று அலையும் அப்பா, பிறந்தநாளுக்கு அம்மாவிடம் போகவேண்டும் என்று அடம்பிடிக்கும் சின்னப் பெண், நிறைமாதக் கர்ப்பிணி, அவளைத் தாங்கும் முரட்டுக் கணவன். குளிர்ச்சியிலேயே ஊறிய விமர்சகர்களுக்கு இது திடீரென்று சுடச்சுட ரசம் குடித்த மாதிரி இருந்திருக்கும். 'இதயமுள்ள ஜாம்பி படம்' என்று எழுதித் தள்ளினார்கள்.

நமக்கு? நாம் ரசத்திலேயே வளர்ந்தவர்கள். அப்பா சாகப்போகிறார் என்றால் குழந்தை பிறந்த நாளின் பிளாஷ்பேக் வரும் என்பதும், பச்சைக்குழந்தையைக் கையில் ஏந்துவார் என்பதும், பின்னணியில் இசை மெல்ல எழும்பும் என்பதும் ஐந்து வயதிலிருந்தே நமக்கு மனப்பாடம். தீபாவளிச் சிறப்பு நாடகங்களில் இதைவிட அதிகமாகவே பார்த்துவிட்டோம். அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சினில் அப்பா கடிபடுகிறார், மகளிடம் விடைபெறுகிறார், வெளியே போய் நிற்கிறார், கண் வெளுக்கிறது, கைக்குழந்தையைத் தூக்கிய நாள் நினைவுக்கு வருகிறது, வெள்ளை வெளிச்சம், புன்னகை, விழுகிறார். ஒரு தமிழ் ரசிகன் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லிவிடுவான். அடுத்து என்ன என்று தெரிந்த பின் கண்ணீர் வர அடம்பிடிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஒரு வேடிக்கை: அதே 2016-இல், இந்தப் படத்துக்குச் சில மாதம் முன்னால் 'மிருதன்' வந்தது. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம், ஜெயம் ரவி போக்குவரத்துப் போலீஸ்காரர். அதிலும் ஒரு சின்னப் பெண் உண்டு, தங்கச்சி. அண்ணன் தங்கைப் பாசம் வழிகிறது. அதைப் பார்த்துவிட்டு "ஜாம்பி படத்துக்குள்ளும் சென்டிமென்ட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்ட என் நண்பர்களே, ஜூலைக்கு அப்புறம் கொரிய சென்டிமென்ட்டுக்குக் கைக்குட்டை நனைத்தார்கள். 'மிருதன்' நல்ல படம் என்று வாதாட வரவில்லை. ஆனால் ஒரே சரக்கு, வேற்று மொழியில் சப்டைட்டிலோடு வந்தால் கௌரவம் கூடுகிறது. சப்டைட்டில் எழுதுகிறவனே சொல்கிறேன், நம்புங்கள்.

சரி, படத்தில் என்னதான் பெரிய விஷயம்? கதவு.

படத்தின் இயக்குநர் யோன் சாங்-ஹோ, இதற்கு முன் அனிமேஷன் படங்கள் மட்டும் எடுத்தவர். கட்டம் கட்டமாக இடத்தை வரைந்து பழகிய ஆள். ரயிலை அவர் பயன்படுத்தியிருக்கும் விதத்தில் அது தெரிகிறது. சியோலிலிருந்து பூசானுக்குப் போகும் அதிவேக ரயில் அது, நிஜத்தில் இரண்டரை மணி நேரச் சொச்சப் பயணம். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே கண்ணாடிக் கதவு. இவர் வகுத்துக்கொண்ட சட்டங்கள் மூன்றே மூன்று: ஜாம்பிகளுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. கண்ணில் பட்டால்தான் பாயும், கர்ப்பிணி கண்ணாடியை நனைத்துச் செய்தித்தாளை ஒட்டியதும் அடங்கிவிடுகின்றன. இருட்டில் அவற்றுக்குப் பார்வை இல்லை, சத்தத்துக்கு மட்டும் திரும்பும். இந்த மூன்றையும் அறிவிப்புப் பலகை மாதிரி யாரும் படித்துக் காட்டுவதில்லை. பாத்திரங்கள் தடுக்கி விழுந்து கண்டுபிடிக்கிறார்கள், கூடவே நாமும்.

அப்புறம் நடுவில் வரும் அந்தப் பகுதி. மூன்று ஆண்கள் கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு பேஸ்பால் மட்டையும் கேடயமும் வைத்துக்கொண்டு, ஜாம்பிகள் நிரம்பிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மனைவியையும் மகளையும் மீட்கப் போகிறார்கள். ஒரு பெட்டியில் அடிதடி. அடுத்ததில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிறது, இருட்டு, எல்லாம் உறைந்து நிற்கின்றன. அடுத்ததில் கைப்பேசி மணியால் ஏமாற்றுகிறார்கள், இன்னோர் இடத்தில் தலைக்கு மேல் சாமான் வைக்கும் தட்டில் ஊர்ந்து போகிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு புதிர், அதே மூன்று சட்டம், வேறு வேறு விடை. எத்தனை மீட்டர் போக வேண்டும், சுரங்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பயம் அங்கேதான் பிறக்கிறது. இந்த இருபது நிமிடச் சொச்சத்தை எந்த ஜாம்பி படத்தோடும் தைரியமாக ஒப்பிடுவேன். உங்களுக்கு 'விறுவிறுவென்று' இருந்ததன் காரணம் இதுதான்.

இதை நம் ஊர் ரயிலில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். நம் எம்ஆர்டி ரயிலில் பெட்டிகளுக்கு நடுவே கதவே கிடையாது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே குகை. ஜூரோங் ஈஸ்டில் ஒருவன் கடிபட்டால் புக்கிட் பாத்தோக் வருவதற்குள் ஆறு பெட்டியும் காலி, படமும் காலி. வடகிழக்குப் பாதையில் 2003 முதல் ஓட்டுநரே இல்லாத ரயில். தியாகம் செய்யக்கூட ஆள் கிடைக்காது. தவிர, தப்பித்துப் போக 400 கிலோமீட்டர் தூரத்தில் நமக்கு ஒரு பூசான் எங்கே? மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இது தெரிந்துதான் போலிருக்கிறது, 2018-இல் ஜேசன் டான் இங்கே எடுத்த 'ஜாம்பிபுரா' கதையை ராணுவ முகாமுக்குள் பூட்டிவிட்டார். வேலி, காவல், கட்டளை, சேவை முடிந்தும் பயிற்சிக்குத் திரும்ப வந்து தட்டிக்கழிக்கும் ரிசர்விஸ்ட் ஆட்கள். நீங்கள் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறீர்கள், சிரிப்பு வரும், பாருங்கள்.

கொரியப் படத்துக்கே வருவோம். ரயில் நின்று, ஆட்கள் தண்டவாளத்தில் இறங்கியதும் கதவுகள் போய்விடுகின்றன. புதிர் முடிந்தது. மிச்சமிருக்கும் நேரத்துக்கு எரிபொருள் வேண்டுமே? கண்ணீரையும் வில்லனையும் ஊற்றுகிறார்கள். அந்த வில்லன்தான் என் பெரிய குறை. பேருந்து நிறுவன அதிகாரி, கோட்டு போட்டவர். ஒருவனைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கிறார், அப்புறம் இன்னொருவரை, அப்புறம் இன்னொருவரை. மூன்றாவது முறைக்கு மேல் அவர் மனிதராகத் தெரியவில்லை, திரைக்கதை ஆசிரியரின் கைக்கோலாகத் தெரிகிறார். யாரைக் கொல்ல வேண்டுமோ அவர் பக்கத்தில் போய் நிற்கிறார்.

ரொமேரோவின் பண்ணை வீட்டில் ஹேரி கூப்பர் என்று ஒருவர் உண்டு. சிடுமூஞ்சி, கோழை, யாருக்கும் பிடிக்காது. கீழே நிலவறையில் பூட்டிக்கொண்டு இருப்போம் என்கிறார். கூடாது, மேலேதான் இருக்க வேண்டும் என்று பென் சண்டை போடுகிறான். நாம் பென் பக்கம். கடைசியில் பென் உயிரோடு விடியலைப் பார்ப்பது எங்கே இருந்ததால்? அதே நிலவறையில்! நமக்குப் பிடிக்காதவர் சொன்னது சரியாகிவிட்டது. ஐம்பது வருடம் தாண்டியும் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசலாம். பேருந்து அதிகாரியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, கெட்டவர், அவ்வளவுதான். நாயகனின் குற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்திலிருந்து இந்த நோய் கசிந்ததோ, அதைப் பங்குச்சந்தையில் தூக்கி நிறுத்தியது அவர் வேலை பார்த்த இடம். கைப்பேசியில் அது தெரியவந்ததும் கழிவறையில் கை கழுவிக்கொண்டே உடைந்து அழுகிறார். அருமையான விதை. ஆனால் அதற்கு அப்புறம் அதில் தண்ணீர் ஊற்றவே இல்லை. கடைசியில் நல்ல அப்பாவாகச் செத்தால் போதும் என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

ரயில்தான் அந்தப் படத்தின் உயிர் என்பதற்கு இயக்குநர் யோனே சாட்சி கொடுத்தார். 2020-இல் தொடர்ச்சியாக 'பெனின்சுலா' எடுத்தார். இங்கே கொவிட் முடக்கத்துக்குப் பிறகு தியேட்டர்கள் திறந்த அதே வாரத்தில் வந்தது. பரந்த நகரம், கார் துரத்தல், கணினியில் வரைந்த கூட்டம். அதிலும் தியாகம் உண்டு, குழந்தைகள் உண்டு, அழுகை வேண்டிய மட்டும் உண்டு. ரயில் இல்லை. எனக்குத் தூக்கம் வந்தது.

கொரியர்கள் அழுததற்கு நம் கையில் இல்லாத காரணம் ஒன்றும் உண்டு. 2014 ஏப்ரலில் சேவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள். 'இருந்த இடத்திலேயே இருங்கள்' என்று ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு அசையாமல் இருந்த பிள்ளைகள். அடுத்த வருடமே மெர்ஸ் நோய் பரவி 38 பேர் இறந்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்கள் முன்னால், திரையில் அரசாங்கம் 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று தொலைக்காட்சியில் சொல்லும்போது, பள்ளிக்கூடப் பையன்கள் ரயிலில் சாகும்போது, அங்கே வேறு ஏதோ நடந்திருக்கும். சப்டைட்டிலில் அதை எழுத முடியாது. முயன்றாலும் இரண்டு வரிக்குள் அடங்காது.

நீங்கள் வேறு, இதைக் கொவிட் எல்லாம் முடிந்து பார்த்திருக்கிறீர்கள். நோய் வந்தால் ஜனங்கள் எப்படி இருப்பார்கள் என்று உங்களுக்கு நேரிலேயே தெரியும். 2020 பிப்ரவரி 7-ஆம் தேதி நோய் அபாய எச்சரிக்கையை 'டோர்ஸ்கான் ஆரஞ்சு' நிலைக்கு உயர்த்தியதாக அறிவித்த அன்று மாலை நம் ஊர் என்ன செய்தது? கழிவறைக் காகிதத்துக்கும் மேகி மீக்கும் வரிசையில் நின்றது. ஒருவரை ஒருவர் தள்ளிவிடவில்லை, தள்ளுவண்டியைத்தான் எட்டிப் பார்த்தோம், அவர் எத்தனை கட்டு எடுத்திருக்கிறார் என்று. அதை அனுபவித்தவனுக்கு அந்தக் கோட்டு அதிகாரி கொஞ்சம் நாடகமாகத்தான் தெரிவார். போதாக்குறைக்கு, வீட்டில் கணினியில் தனியாகப் பார்த்தீர்கள் என்று சொன்னதாக ஞாபகம். முந்நூறு பேர் ஒன்றாக மூச்சைப் பிடிக்கும் சுரங்கக் காட்சி, பதினைந்து அங்குலத் திரையில், பக்கத்தில் மின்விசிறி ஓடினால், பாதிதான் தேறும்.

ஆக ஓவர்ரேட்டட்டா என்றால், என் கணக்கில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த பேர் குறைவு, கடைசி அரை மணி நேரத்துக்குக் கிடைத்த பேர் அதிகம்.

கல்லாக உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அது அப்பா சாகும்போது. அதற்கு அரை மணி நேரம் முன்னால் ஓர் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு வயதான சகோதரிகள் வருவார்கள், நினைவிருக்கிறதா? ஒருத்தி கடிபட்டு ஜாம்பிகளோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். இந்தப் பக்கம் பத்திரமான பெட்டி. தப்பி வந்தவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கதவை அடைத்தவர்கள், அவர்களை இன்னும் தள்ளியே வைக்க வேண்டும் என்று கத்துகிறார்கள். மற்றவள் அவர்களை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள். கண்ணாடி வழியே சகோதரியைப் பார்க்கிறாள். ஏதோ முணுமுணுக்கிறாள். பிளாஷ்பேக் இல்லை, வெள்ளை வெளிச்சம் இல்லை. படம் முழுக்க எந்தக் கதவை மூடி வைக்க எல்லோரும் உயிரை விட்டார்களோ, அந்தக் கதவின் பிடியில் கை வைத்து, தானாகவே திறந்துவிடுகிறாள்.